தம்பி எடுத்து வந்த பலகை

சித்திரை 14, செவ்வாய்

தம்பி ஏழுமலைக்காக இன்று வானூர் போய் வக்கீலைப் பார்த்தேன். நான் போலீசில் சொன்னதை அவர் படித்துக் காட்டினார். "தம்பி வரப்புக்குப் போயி, உப்பு வார்ற பலகைய எடுத்துட்டு வந்து தண்டபாணிய அடிச்சான்."

"சண்டை வந்தப்புறம் போய் எடுத்தானா?" என்று கேட்டார்.

இல்லை. தினமும் விடியற்காலையில் எடுப்பதுபோல உப்பு வாரத்தான் எடுத்தான். அவன் திரும்பி வரும்போதுதான் பக்கத்துப் பாத்தி தண்டபாணி, மடையை ஏன் திறந்தாய் என்று சண்டைக்கு வந்தான். ஒரே அடி. செத்துப்போனான். பலகை எதற்கென்று உப்பளத்தில் யாரும் கேட்பதில்லை. அதனால் போலீசிடமும் நான் சொல்லவில்லை.

"அடிக்கணும்னே போய் எடுத்தா கொலை. ஆயுள், தூக்கு வரைக்கும் போகும். கையில இருந்தத வச்சு ஆத்திரத்துல அடிச்சா வேற செக்‌ஷன். பத்து வருஷத்தோட முடியலாம்."

"இப்ப மாத்திச் சொல்லலாமாங்க?"

"தம்பிக்காக அண்ணன் மாத்துறான்னுதான்பா சொல்லுவாங்க."

அன்று போலீசார் என்னை அவசரப்படுத்தவே இல்லை. டீ கூட வாங்கிக் கொடுத்தார்கள்.

விடிந்ததும் நானும் வரப்புக்குப் போய்ப் பலகையை எடுத்துக்கொண்டு வருவேன். என்னை யாரும் எதற்கென்று கேட்கப்போவதில்லை.