நீங்கள் தட்டிய கதவுகள்

இன்று காலை பார்சல்காரர் எங்கள் வீட்டுக் கதவை ஐந்து முறை அடித்தார். தட்டவில்லை, அடித்தார், கைமுட்டியால். உள்ளே அப்பாவின் தேத்தண்ணிக் கோப்பை வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. வந்தது நான் ஓடர் பண்ணிய போன் உறைதான். ஆனாலும் அந்தக் கோப்பை மறுபடி நகர ஒரு நிமிடம் பிடித்தது.

உடனே உங்கள் நினைவு வந்தது, அங்கிள். பென்டில் ஹில்லில் எங்கள் தெருவிலேயே கதவைத் தட்டத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். ஒற்றை விரலின் கணுவால் இரண்டே தட்டு. பிறகு இரண்டு அடி பின்னால் போய், கைகள் இரண்டும் தெரியும்படி தொங்கவிட்டு, புல்லைப் பார்த்தபடி பக்கவாட்டில் நிற்பீர்கள். கதவைத் திறக்கிறவர் முதலில் உங்கள் காதைத்தான் பார்க்க வேண்டும், முகத்துக்குக் காத்திருக்க வேண்டும். "என்ன அங்கிள், கதவோடை கோவமோ?" என்று கேட்டேன் ஒருநாள். "வீட்டுக்காரங்களுக்கு வழி விட்டு நிக்கணும்" என்றீர்கள். அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை.

வரவே வராது. பிரெஞ்சுப் படையில் லெப்டினன்டாக இருந்தவர், அல்ஜீரியாவில் சண்டை நடந்தபோது அங்கே நின்றவர் என்று உங்கள் மகள்தான் சொன்னார். புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்களாம். கேட்டதும் நான் பட்டம் கட்டிவிட்டேன்: சொல்லாத சொல்தா. உங்கள் முகத்துக்கு நேரேயே சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். சிரிப்பு எங்கேயோ பாதியில் நின்றது. எனக்கு அப்போது அதைப் பார்க்கத் தெரியவில்லை.

நம் இருவருக்கும் நடந்தது வேறொரு போர். உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்துக்கு உங்கள் மகள் வராந்தாவில் கட்டிய பிரெஞ்சுக் கொடியை, பள்ளிக்கூடம் போகிற அவசரத்திலும் நின்று, ஒரு பக்கம் சரித்துக் கட்டிவிட்டுப் போனேன். நீலம் வெள்ளை சிவப்பு படுத்துக்கொண்டால் நெதர்லாந்து. நீங்கள் மூன்று நாள் டச்சுக்காரராக இருந்தீர்கள், தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. நான்காம் நாள் எங்கள் தபால் பெட்டியில் பிரெஞ்சில் ஒரு கடிதம், கையெழுத்தும் முத்திரையுமாக. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். "போர்க்கைதி இன்று மாலை நான்கு மணிக்கு வெங்காயம் உரிக்க ஆஜராக வேண்டும்." ஆஜரானேன். உங்கள் குசினியில் இரண்டு கிலோ வெங்காயம் உரித்தேன்.

"ஏய் குட்டிப் பிசாசு, அழுவுறியா?"

"ஓம் அங்கிள், நெதர்லாந்து தோத்ததுக்கு."

அப்பாவோடு உங்களுக்கு இருந்தது சனிக்கிழமை நட்பு. அப்பா எங்கள் ஊர்ப் போரிலிருந்து தப்பிப் படகில் இந்த நாட்டுக்கு வந்தவர். செவன் ஹில்ஸில் ஒரு கிடங்கில் வேலை, கையில் தற்காலிக விசா, வாயில் பேச்சுக் குறைவு. நீங்கள் வரும் நாளில் மட்டும் அந்த வாய் திறக்கும். கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு மேசை போட்டு விளையாடுவீர்கள். எங்களுக்கு அது கடதாசி, உங்களுக்குச் சீட்டு. "மறுபடியும் அளாப்புறீங்க தம்பி" என்பீர்கள், ஆட்டத்தில் ஏமாற்றுவதற்கு நாங்கள் சொல்லும் சொல்லை எங்களிடமே களவெடுத்து. அப்பா மேசையில் அடித்துச் சிரிப்பார். வேறு யாரோடும் அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

மழை பெய்தால் ஆட்டம் உள்ளே, ஹோலில். அங்கே சுவரில் சித்தப்பாவின் படம் இருக்கிறது. மாலை இல்லை, விளக்கு இல்லை. துவக்கோடு வந்து கூட்டிக்கொண்டு போனவர்கள் அவரைத் திருப்பித் தரவும் இல்லை, செத்துவிட்டார் என்று சொல்லவும் இல்லை. ஆகவே மாலை போடக் கூடாது. அது எங்கள் வீட்டுச் சட்டம். அன்றைக்கு அவர்கள் தட்டிய கதவைத் திறந்துவிட்டது அப்பா. உங்களிடம் இதை அவர் ஒரு மழைநாளில் சொன்னார். அதற்குப் பிறகு நீங்கள் எப்போதும் படத்துக்கு முதுகு காட்டுகிற கதிரையிலேயே உட்கார்ந்தீர்கள். முதுகு வலி, அந்தக் கதிரைதான் சுகம் என்றீர்கள். அது எங்கள் வீட்டிலேயே கால் ஆடுகிற ஒரே கதிரை.

இனி எழுதப்போவதை எழுதாமல் மூன்று முறை எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பள்ளி விடுமுறை, காலை பத்து மணி. நான் போனில் இரண்டு பிரெஞ்சுச் சொற்களை ஒரு மணி நேரம் பழகியிருந்தேன். 'கதவைத் திற, ராணுவம்' என்று அர்த்தம். குரலைத் தடிப்பாக்கி, உங்கள் கதவைக் கைமுட்டியால் ஐந்து முறை அடித்துக் கத்தினேன். கத்திவிட்டுச் செடிக்குப் பின்னால் குந்தினேன், போன் கமராவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு.

கதவு மெல்லத் திறந்தது. நீங்கள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி நின்றீர்கள். முகத்தில் நிறமே இல்லை. செடியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்து, தமிழில், மெதுவாக, "எந்த வீடு?" என்று கேட்டீர்கள்.

நான் வெளியே வந்து "அங்கிள், நான்தான், நான்தான்" என்று அழத் தொடங்கினேன். நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், தண்ணீர் எனக்குக் கொடுத்தீர்கள். அன்றைக்கு வெங்காயம் இல்லாமலே கண் கலங்கிச் சொன்னீர்கள்.

"அந்த ரெண்டு வார்த்தையச் சொல்றது அப்ப என் வேலதான்மா. கேப்டன் வெள்ளக்காரரு. அவரு போயி நின்னா எவனும் தொறக்க மாட்டான். எம் மூஞ்சி கறுப்பு. இதப் பாத்தா நம்மாளுன்னு தொறப்பாங்கன்னு என்ன முன்னாடி நிறுத்துனாரு."

உங்களுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மலைமேல் ஒரு கிராமம். செருப்புத் தைக்கிற ஒருவர் கையில் ஊசியோடு வந்து கதவைத் திறந்தார். உங்கள் முகத்தைப் பார்த்தார்.

"சிரிச்சாரு. நம்மள்ல ஒருத்தன்னு நெனச்சிட்டாரு போல. பின்னாடி நின்ன துப்பாக்கிங்கள அப்புறந்தான் பாத்தாரு."

அவரைக் கொண்டுபோனார்கள். ஒப்படைத்ததற்கான தாளில் அதிகாரி என்ற முறையில் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். பிறகு அவரைப் பற்றிக் கேட்டபோது, அப்படி ஒரு பெயரே பட்டியலில் இல்லை என்றார்கள்.

"ரெண்டு தடவ கேட்டேன். மூணாவது தடவ கேக்கல."

மேலும் சொன்னீர்கள். "அப்பவே எங்க ஊர்ல பிரெஞ்சுக் கொடி எறங்கி வருஷக்கணக்காச்சு. எறங்குன கொடியத் தூக்கிக்கிட்டு நான் அவுங்க மலையில ஏறியிருக்கேன். அவுங்க கேட்டதும் நாங்க கேட்டதும் ஒண்ணுதான, விடுதல."

பிறகு என்னிடம் ஒரு வேலை கொடுத்தீர்கள். "நீதான் எல்லார் மாதிரியும் பேசுவியே, இந்தப் பேரச் சரியாச் சொல்லு பாப்போம். ஸ்லிமான்." நான் சுலைமான் என்றேன். இல்லை என்று தலையாட்டினீர்கள். மூன்றாம் முறை சரியாக வந்தது. "இப்ப ரெண்டு பேருக்குத் தெரியும்" என்றீர்கள்.

நான் வீட்டுக்குப் போகும்போதுதான் அதைச் சொன்னீர்கள். "சனிக்கெழம உங்கப்பாகிட்ட சொல்லப் போறேன். அந்தப் படத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு இனிமே என்னால சீட்டாட முடியாது."

"வேண்டாம் அங்கிள். அப்பா உங்களோடை பிறகு கதைக்க மாட்டார்."

"கதைக்காட்டிப் போவுது. தெரியணும்ல?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏமாற்று வேலை. அதைத்தான் செய்தேன். அந்தச் சனிக்கிழமை உங்களிடம் வந்து, அப்பாவுக்கு மேலதிக வேலை என்றேன். அப்பாவிடம் போய், உங்களுக்குக் காய்ச்சல் என்றேன். அடுத்த சனி உங்கள் மகள் வீட்டுக்கு விருந்தாளிகள். அதற்கடுத்த சனி அப்பாவுக்குப் பல்வலி. மூன்று வாரம், மூன்று பொய், ஒன்றுகூடப் பிடிபடவில்லை. என் வாழ்க்கையிலேயே மிகச் சுத்தமாக ஓடிய குறும்பு அதுதான். அப்பா மேசையை விரித்து வைத்து, மடித்து வைத்து, உள்ளே போவார். நான் அவருக்கு ஒரு சிநேகிதரைக் காப்பாற்றிக் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் சனிக்கு முன் வியாழக்கிழமை உங்களை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் எங்கள் கதவுக்கு வந்தார். அவரும் இரண்டே தட்டு. திறக்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது.

தேவாலயத்தில் அப்பா அழுதார். வென்ட்வேர்த்வில் கடையொன்றில் கொடுத்து, நான் எடுத்த உங்கள் படத்தைச் சட்டம் போட்டு வாங்கி வந்தார். கையில் சீட்டோடு நீங்கள் கள்ளச் சிரிப்புச் சிரிக்கிற படம். கூடவே ஒரு சந்தன மாலை. சித்தப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்தார். ஸ்டூலில் நின்றபடி கையை நீட்டினார்.

"பிள்ளை, படத்தைத் தா."

நான் கொடுக்கவில்லை. "பொறுங்கோ அப்பா" என்றேன்.

"என்ன, கண்ணாடிக்குப் பின்னாலை பூச்சி கீச்சி வைச்சிட்டியோ?"

என் முகத்தைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து இறங்கினார். எல்லாவற்றையும் சொன்னேன். கேப்டனின் கணக்கை, ஊசியோடு சிரித்தவரை, கையெழுத்தை, என் மூன்று பொய்களையும் சேர்த்து. நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன் என்று தெரிந்ததால் மூச்சு விடாமல் சொன்னேன். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், சுத்தியல் மடியில்.

"எத்தினை தரம் கேட்டவராம்?"

"ரெண்டு தரம்."

"மூண்டாந்தரம் ஏன் கேக்கேல்லை?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"நான் அவரிட்டைக் கேட்டிருப்பன்" என்றார் அப்பா. "நீ விடேல்லை."

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். படத்தை என் கையிலிருந்து வாங்கினார், சட்டத்தைச் சட்டையால் ஒருமுறை துடைத்தார், கொண்டுபோய்க் கடதாசிக் கட்டு இருக்கிற மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார். மாலையை என்ன செய்தார் என்று தெரியவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் சாப்பாட்டு மேசையில் ஒரு பகிடியும் விடவில்லை. அம்மா என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார்.

மூன்றாம் நாள் பகல், என் அறைக் கதவில் தட்டுகிற சத்தம். ஒற்றை விரல், இரண்டே தட்டு. அப்பா என் அறைக்கு ஒருநாளும் தட்டி வந்ததில்லை. தள்ளிக்கொண்டுதான் வருவார். திறந்தேன். இரண்டு அடி தள்ளி, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி பக்கவாட்டில் நின்றார். முதலில் அவருடைய காதுதான் தெரிந்தது.

"அந்தச் செருப்புத் தைக்கிற மனுசன்ரை பேரை இன்னொருக்காச் சொல்லு."

"ஸ்லிமான்."

"சுலைமான்."

"இல்லையப்பா. ஸ்லிமான்."

மூன்றாம் முறை அவருக்கும் சரியாக வந்தது. தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு அந்தப் பெயர் தெரியும், அங்கிள். நான் பஸ்ஸில் அதைச் சொல்லிக்கொண்டு போகிறேன், பரீட்சை மண்டபத்தில் சொல்கிறேன், பிசகிவிட்டதோ என்று மறுபடி சொல்லிப் பார்க்கிறேன். சிநேகிதி வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, என்னை அறியாமல் இரண்டு அடி பின்னால் போய் நிற்கிறேன். என்னடி, ஒளிந்திருந்து பயம் காட்டப் போகிறாயா என்று அவள் உள்ளேயிருந்து கத்துகிறாள்.

உங்கள் படம் லாச்சிக்குள்தான் இருக்கிறது. சித்தப்பாவுக்குப் பக்கத்தில் ஆணி வெறுமையாக நிற்கிறது. நேற்று அம்மா அதைப் பிடுங்கப் போனார். "அது கிடக்கட்டும்" என்றார் அப்பா.