‘சில்லி’ என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

ஓகஸ்ட் 21

விடியத் தொடக்கம் கச்சான் காற்று. பந்தல் தகரம் அடித்துக்கொண்டே இருக்கிறது. நேற்று வாசலில் கட்டிய வாழை இரண்டையும் மான்கள் குருத்தோடு தின்றுவிட்டுப் போயிருக்கின்றன. முறைப்பாடு செய்ய இடமில்லை. திருகோணமலையில் மான்களுக்கு உள்ள சுதந்திரம் ஓய்வூதியருக்கு இல்லை.

வேலைகள்: புது வாழை (ஹனிபாவிடம் சொல்ல). நகைப் பத்தருக்கு உமி, சிரட்டைக்கரி. வாடகைக் கதிரை. என் கண்ணாடி எங்கே.

பகல். பொன்னுருக்கல் முடிந்தது. என் மகன் செந்தூரன் கட்டப்போகும் தாலிக்குப் பொன். பத்தர் முற்றத்தில் குந்தியிருந்து ஊதினார். பொன் நாணயம் இளகி, சிவந்து, ஒரு மொச்சைக் கொட்டையாக நின்றது. எல்லாரும் தொட்டுக் கும்பிட்டார்கள். செந்தூரன் புறாமலைத் தீவுக்குப் படகில் உல்லாசப் பயணிகளைக் கொண்டுபோகிறவன். போன வருடம் கொண்டுபோனவர்களில் ஒருத்தி திரும்பி வந்தாள். அவள்தான் ஆரணி, மணப்பெண். லண்டனில் பிறந்து வளர்ந்தவள். இப்போது உப்புவெளியில் தன் பெரியம்மா வீட்டில் நிற்கிறாள். பொன்னுருக்கலுக்குப் பெண் வரக்கூடாது என்பதால் போனில் வீடியோவாகப் பார்த்தாள்.

கடைசியில் என் மனைவி பூமணி, மாப்பிள்ளையின் தாய்க்குரிய குரலில்:

“பிள்ளை, இனிப் போனை வையுங்கோ. பொன்னுருக்கினாப் பிறகு தாலி கட்டுமட்டும் ரெண்டு பேரும் முகம் பாக்கக் கூடாது. வீடியோவிலயும்தான்.”

ஆரணி சிரித்தாள். “மாமி, தட்ஸ் சோ சில்லி.”

முற்றம் முழுக்கக் கேட்டது. பத்தர் ஊதுகுழலை இறக்கினார்.

பூமணி: “என்னவாம்?”

நான் வாய் திறக்க முன், பூமணியின் தமையன் தருமலிங்கம்: “எங்கட முறை விசராம், பயித்தியமாம்.”

மச்சான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பாரம் எங்கே விழும் என்று பார்த்து இறக்குவது அவருடைய தொழில். இன்று பார்க்கவில்லை.

செந்தூரன் போனை நிறுத்தினான். பூமணி குசினிக்குப் போனாள். சனம் நன்றாகச் சாப்பிட்டது.

பின்னேரம், அடுப்படியில்:

“நான் கலியாணத்துக்கு வரேல்லை. நீங்கள் போய் நடத்திப்போட்டு வாங்கோ.”

“விளையாடாதை.”

“என்ன விளையாட்டு? விசருகள் சபைக்கு வரக் கூடாது.”

செந்தூரன் வாசலில் நின்று கேட்டுவிட்டுச் சொன்னான்: “அம்மா வராட்டி நான் மணவறையில ஏறேல்லை.”

அவனுக்குப் பிடிவாதம் தாய் வழி. எனக்குத் தலையிடி.

தாலிகட்டு இருபத்தைந்தில். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.

ஓகஸ்ட் 22

காற்று அதே. கடலில் ஆட்டுக்குட்டிகள் போல வெள்ளை நுரை. செந்தூரன் படகு விடவில்லை.

வந்து எனக்கு முன்னால் இருந்தான். “அப்பா, நீங்கள்தானே கச்சேரியில மொழிபெயர்ப்பாளரா இருந்தனீங்கள். அம்மாட்டச் சொல்லுங்கோ, அந்தச் சொல்லுக்கு அப்பிடிக் கருத்தில்லையெண்டு.”

அந்த அரச அலுவலகத்தில் காணி உறுதி, மரண அத்தாட்சி, அமைச்சர்களின் உரை எல்லாவற்றுக்கும் தமிழ் செய்தவன் நான். பொருளே இல்லாத வாக்கியங்களுக்கும் பொருள் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு பெயரடைக்குப் பயப்படலாமா.

முட்டாள்தனமான: கடுமை. சுற்றறிக்கைகளுக்கு ஒதுக்கிவைத்த சொல்.

அசட்டுத்தனமான: இந்தியச் சஞ்சிகைகளில் மாப்பிள்ளைகள் அசடு வழிவார்கள். இங்கே வழிவதில்லை.

மொக்கு: சோதனையில் தவறியவனுக்கு.

லூசு: படம் பார்த்துப் படித்தது.

சின்னப்பிள்ளைத்தனமான: கிட்ட வருகிறது. ஆனால் அறுபது தாண்டிய ஒருத்தியிடம் எந்த முகத்தோடு சொல்வது?

விசர்: மச்சானின் தெரிவு. முழுப் பிழை என்று சொல்ல ஏலாது. அதுதான் சிக்கல்.

அலுமாரியிலிருந்து பெரிய அகராதியை இறக்கினேன். கறையான் ‘எஸ்’ வரைக்கும் வரவில்லை. ஆதியில் அந்தச் சொல்லுக்கு ‘ஆசீர்வதிக்கப்பட்ட’ என்று பொருளாம். பிறகு ‘அப்பாவியான’. பிறகு ‘பரிதாபத்துக்குரிய’. கடைசியில் ‘மூடத்தனமான’. ஒரு நேர்மையான அரச ஊழியனின் சேவைக்காலம் போலவே இருக்கிறது.

இந்தச் சொல்லை எனக்குத் தந்தவர் என் ஆங்கில ஆசிரியை மிஸ் ட்ரூடி. பறங்கி அம்மா. நீலப்பூப் போட்ட கவுண், ஆண்கள் சைக்கிள், காலையில் உள்துறைமுகப் பக்கமிருந்து வருவார். வகுப்பு யன்னலால் கடல் தெரியும். கப்பல் வந்தால் பாடம் நிற்கும், அவரும் பார்ப்பார். மற்ற வாத்திமார் எங்களை விலங்கியல் முழுவதையும் சொல்லி அழைத்தார்கள். அவரிடம் இருந்த அதிகபட்ச வசை ‘டோன்ட் பி சில்லி’ மட்டும். அதைச் சொல்லும்போது மூக்கு நுனி சிவக்கும்.

நாலாம் வகுப்பில் நான் அவருக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்: வளர்ந்ததும் உங்களைத்தான் கலியாணம் செய்வேன். அவர் வாசித்தார். சிவப்பு மையால் ஒரு கமா போட்டார். “சில்லி பாய்” என்று சொல்லித் தாளைத் திருப்பித் தந்தார். அன்று வீடு வரைக்கும் கால் நிலத்தில் படவில்லை. அதற்குப் பிறகு எந்த மேலதிகாரியும் என்னை அவ்வளவு நன்றாகத் திட்டவில்லை.

ஒரு மார்கழி விடுமுறைக்குப் பிறகு அவர் வரவில்லை. அவுஸ்திரேலியா என்றார்கள். சைக்கிளை என் வகுப்புத் தோழன் ஹனிபாவின் வாப்பா வாங்கிவிட்டார். அது தெருவில் போகும்போதெல்லாம் நானும் ஹனிபாவும் எழுந்து நிற்போம். அதில் மரக்கறிக் கூடைதான் போகும்.

பின்னேரம் மச்சான் வந்தார். தன் மொழிபெயர்ப்பை நியாயப்படுத்த.

“கிரிக்கெட்டில சில்லி பொயின்ற் எண்டு ஒரு இடம் இருக்கு. துடுப்புக்கு முன்னால, மூஞ்சைக் காட்டிக்கொண்டு நிக்கிறது. விசரன் தவிர ஆர் நிப்பான்?”

“அது ஆபத்தான இடம் எண்டுதான் கருத்து.”

“நீங்கள் படிச்ச ஆக்கள். நான் ரேடியோவில கேட்டதைச் சொன்னன்.”

“ரேடியோவோட நிப்பாட்டியிருக்கலாம், மச்சான்.”

“தங்கச்சி கேட்டவள். நீங்கள் யோசிச்சுக்கொண்டு நிண்டியள். உங்களிட்டக் கேட்டா மறுமொழி வர மூண்டு கிழமை. கச்சேரிப் பழக்கம்.”

அவர் போன பிறகு பூமணியிடம் என் தீர்ப்பை அறிவித்தேன். பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்தாள்.

“அதைக் கோவத்தில சொல்லுறேல்லை. அன்பாச் சொல்லுறது. பகிடியான, தீங்கில்லாத எண்டு கருத்து.”

“அப்ப எங்கட முறை பகிடி.”

“ஓம். இல்லை. அதாவது...”

“உங்கட அகராதியை எடுத்து வையுங்கோ. கறையான் பிடிக்கப் போகுது.”

ஓகஸ்ட் 23

காற்றுக் கொஞ்சம் குறைவு. மண்டபக்காரர் இரண்டு தரம் போன் எடுத்தார். ஆரணியிடமிருந்து அழைப்பு வரவில்லை. செந்தூரன் சாப்பிடவில்லை, ஆனால் சட்டியில் மீன் குறைந்திருக்கிறது.

காலையில் ஒரு யோசனை. இவ்வளவு கண்டிப்பாக நிற்கும் பூமணி அந்த நாளில் என்ன செய்தாள்?

எங்கள் பொன்னுருக்கலுக்கு மறுநாள், பூமணியின் ஊரான இறக்கக்கண்டி வரைக்கும் சைக்கிள் மிதித்தேன். எதிர்க்காற்று. நிலாவெளியில் சங்கிலி கழன்று கையெல்லாம் கறுப்பு. அவர்களுடைய வளவின் பின்வேலியில் போய் நின்றேன். பூமணி கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் செதிள், வெயிலில் மினுங்கியது.

“விசரே உங்களுக்கு? முகம் பாக்கக் கூடாதெல்லோ.”

சொன்னாள். முகத்தைத் திருப்பவில்லை. நான் ஏதோ கேட்டேன், அவள் ஏதோ சொன்னாள், என்ன என்று இப்போது நினைவில்லை. பூனை ஒரு மீன் தலையைத் தூக்கிக்கொண்டு போனது நினைவிருக்கிறது. அவள் துரத்தவில்லை. திரும்பும்போது காற்று முதுகில். மிதிக்கவே தேவையிருக்கவில்லை.

ஆக நாங்களும் முறையை மீறினோம். வானம் இடிந்து விழவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. இதைவிட நல்ல வாதம் எந்த அகராதியிலும் இல்லை. தேத்தண்ணி நேரம் எடுத்து விடுவதாக உத்தேசம்.

பின்னேரம்.

எடுத்து விட்டேன். “நாங்களும் பாத்தனாங்கள்தானே, பூமணி. என்ன நடந்தது?”

கோப்பையை வைத்தாள்.

“ஒண்டும் நடக்கேல்லையோ?”

எனக்கு விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை.

“மூத்தவன்,” என்றாள்.

எங்களுடைய முதல் பிள்ளை. ஆண். பெரியாஸ்பத்திரியில் பிறந்து, பிள்ளை பெற்ற துடக்குக் கழிய முன் போனது. பெயர் வைக்கவில்லை. நான் இரண்டு துண்டு வெள்ளைத் துணி வாங்கப் போனது ஞாபகம். பிறகு அதைப்பற்றி நாங்கள் கதைத்ததில்லை. செந்தூரன் பிறந்தான். கதைக்க வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது என்று நான் நினைத்திருந்தேன்.

“அதால எண்டு இவ்வளவு காலமும்...”

“அதால இல்லையெண்டு தெரியும். நான் படிக்காதவள் இல்லை. டொக்டரும் சொன்னவர். தெரிஞ்சு என்ன செய்யிறது? எனக்குள்ள அது போகேல்லை.”

“என்னட்டச் சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா நீங்கள் பகிடி விடுவியள்.”

விட்டிருப்பேன். நல்ல பகிடியாகவும் இருந்திருக்கும்.

“இவனுக்கு அப்பிடி ஒண்டும் வரக் கூடாது. கொஞ்ச நாள் முகம் பாக்காமல் இருந்தா ஆருக்கு என்ன குறையுது? அதைத்தான் கேட்டனான். அவ்வளவுதான் கேட்டனான்.”

காலையில் மேலே எழுதியதை வெட்ட எடுத்தேன். வெட்டவில்லை. இருக்கட்டும்.

ஓகஸ்ட் 24

காற்று நின்றுவிட்டது. கடல் தட்டையாக, எண்ணெய் ஊற்றியது போல.

காலையில் ஹனிபா கிண்ணியாவிலிருந்து தன் ஓட்டோவில் வாழைக்குலையோடு இரண்டு மரம் கொண்டுவந்தான். இறக்க முன்னரே பூமணி சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

“ஹனிபாண்ணை, உப்புவெளிக்கு ஒருக்கா விடுவியளோ?”

“ஏறுங்க தங்கச்சி. நம்ம கூட்டாளியும் வாறதெண்டா வாழைய மடியில வெச்சிக்கிடட்டும். இறக்கி ஏத்த நமக்கு ஏலாது.”

அப்படியே போனோம். இலை முகத்தில் அடிக்க, தெருவில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முன்னாள் அரச மொழிபெயர்ப்பாளர், குலையோடு.

ஆரணியின் பெரியம்மா வீட்டுக்குள் நான் போகவில்லை. பூமணி கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டாள். நானும் ஹனிபாவும் யன்னலுக்கு வெளியே, வேம்பின் கீழ். கேட்கக் கூடாது என்று இருவரும் முடிவு செய்து, கேட்டுக்கொண்டு நின்றோம்.

ஆரணி: “மாமி, நான் உங்களைச் சொல்லேல்லை. அந்த ரூலைத்தான் சொன்னனான். அங்க நாங்க எல்லாத்துக்கும் அப்பிடித்தான் சொல்லுவம். அம்மா குடையை மறந்தாலும் சில்லி. எனக்கு அது பெரிய சொல்லெண்டு தெரியாது. சொறி.”

“சொல்லு இருக்கட்டும் பிள்ளை. நான் வேற ஒண்டு சொல்ல வந்தனான்.”

சொன்னாள். கிணற்றடி, சைக்கிள், ஆஸ்பத்திரி. என்னிடம் சொன்னதைவிட நீளமாக. பிள்ளைக்கு வலது காதில் ஒரு மறு இருந்ததாம். நான் அறியேன். ஹனிபா தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டான்.

“இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. இவருக்கே நேற்றுத்தான்.”

பிறகு ஆரணி:

“மாமி, அவர் இருந்திருந்தா எனக்கு என்ன முறை?”

“மச்சான் முறை. மூத்த மச்சான்.”

“மூத்த மச்சான்,” என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். லண்டன் வாயில் அந்த ‘ச்’ சரியாக வரவில்லை.

ஹனிபா என்னைப் பார்க்காமல் ஓட்டோக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான். அது சுத்தமாகத்தான் இருந்தது. எனக்கும் பிடிக்க ஒரு வேலை தேவைப்பட்டது. வாழையைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே கதை சட்டப் பிரிவுகளுக்குத் திரும்பியிருந்தது.

“ஃபோட்டோ பாக்கலாமா?”

“ஃபோட்டோவுக்கு ஒண்டுமில்லை.”

“குரல்?”

“குரலும் கேக்கலாம். முகம்தான்.”

“இல்லை மாமி. ஃபோட்டோவும் பாக்கேல்லை. செய்யிறதெண்டா முழுசாச் செய்வம்.”

வரும் வழியில் கலியாணத்துக்கு வருவாளா என்று பூமணியிடம் கேட்க வாய்வரை வந்தது. இலை வாய்க்குள் போனது.

பின்னேரம். வாழை கட்டியாயிற்று. மான்களுக்காக மச்சான் வாசலில் கதிரை போட்டுக் காவல் இருந்தார். ஆரணி போன் எடுத்தாள், குரலுக்கு. செந்தூரன் அவசரத்தில் எதையோ அழுத்த, வீடியோ வந்துவிட்டது. பூமணி பாய்ந்து போய்ப் போனைப் பறித்து, உள்ளங்கையால் முன்பக்கம் முழுவதையும் பொத்தினாள். அதை அவனுடைய காதுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் கதைத்தார்கள். அவளுக்குக் கை கடுத்திருக்கும்.

“நான் பிடிக்கிறன், தா,” என்றேன்.

“நீங்கள் விரலை விலத்துவியள். எனக்குத் தெரியும்.”

கடைசியில் தானே போனுக்குள் சொன்னாள்: “பிள்ளை, நாளைக்கு வெள்ளனத் தலை முழுகுங்கோ. தலைக்குப் பூ அங்க வாங்காதேங்கோ. நான் வரேக்க கொண்டு வாறன்.”

வாசலில் மச்சான் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை.