பதினோரு பேருக்கும் ஏ பாசிட்டிவ்

8 ஜூலை 2006, சனி

ஓசூரில் விடிந்ததிலிருந்து தூறல். பெங்களூர் பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை, இடது தோள் முழுக்க ஈரம். அத்திப்பள்ளியில் லாரி நெரிசல், முக்கால் மணி நேரம். கம்பெனியில் லீவுக்குச் சொன்ன காரணம்: பல்வலி. இந்த வருடத்தில் நான்காவது பல்வலி. சூப்பர்வைசர் என் வாயையே உற்றுப் பார்க்கிறார்.

ஸ்கேன்: வலது பக்கம் ஒரு முட்டை, 12 மி.மீ. டாக்டரம்மாவுக்குத் திருப்தி.

பிறகு மாடி அறை. சிஸ்டர் டைப் அடித்த தாள் ஒன்றை வைத்தார். விந்து கொடுப்பவர்கள். பெயர் இல்லை, போட்டோ இல்லை. எண், நிறம், உயரம், முடி, படிப்பு, தாய்மொழி, ரத்த குரூப். அவ்வளவுதான் மனிதர்கள்.

சிஸ்டர் கன்னடத்துக்காரர். வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டார்: "உங்க யஜமான்ரு குரூப் ஏனும்மா?"

இவர் நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்தவர். கழுத்தில் தொங்கிய கம்பெனி கார்டைத் திருப்பிப் பார்த்து, "ஏ பாசிட்டிவ்" என்றார். சிஸ்டர் அதை எழுதிக்கொண்டு, மற்ற குரூப் வரிகளைப் பேனாவால் அடித்தார். குழந்தைக்கு அப்பா குரூப்பே இருந்தால் பின்னால் கேள்வி வராதாம். மிச்சம் இரண்டு.

14: கருப்பு, 5'7", கோரை முடி, டிப்ளமோ, தமிழ்.
17: சிவப்பு, 5'10", கோரை முடி, இன்ஜினியர், கன்னடம்.

இவர் குரலைத் தணித்துக் கேட்டார்: "சிஸ்டர், அந்தப் பதினாலு… நம்ம ஆளுங்களா?"

"அதெல்லாம் கேக்கக்கூடாது சார். டெஸ்ட் பண்ணாலும் தெரியாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் முறைத்தார். செவ்வாய்க்குள் எண் சொல்ல வேண்டும்.

9 ஜூலை, ஞாயிறு

துணி காயவில்லை. இட்லி மாவு பொங்கவில்லை. சாத்தூரிலிருந்து இவர் அம்மா போன்.

"ஏத்தா, உன் வயித்துல என்னதான் கோளாறாம்? டாக்டர்ட்ட தெளிவாக் கேட்டியா, இல்லையா?"

"கேட்டேன் அத்தை. பாத்துக்கிட்டு இருக்காங்க."

"ஏழு வருசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காக."

கோளாறு என் வயிற்றில் இல்லை. இவருக்கு விந்தணு இல்லை. குறைவு என்றுகூட இல்லை, பூஜ்யம். மூன்று லேபில் பார்த்தாயிற்று. கிளினிக்குக்கு வெளியே இது எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். குறை என்னுடையதாகவே இருக்கட்டும் என்று சொன்னதும் நான்தான். அன்றைக்குப் பெரிய மனசாக இருந்தது. இப்போது போன் மணி அடித்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

மத்தியானம் சண்டை. இவருக்குப் பதினேழு வேண்டுமாம். "புள்ளையாச்சும் செவப்பா, நல்லாப் படிச்சதா இருக்கட்டுமே."

"உங்க சொந்தத்துல யாருங்க செவப்பு? என் சொந்தத்துல யாரு? பிள்ளையத் தூக்கிட்டு சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல இறங்கினா, முதல்ல உங்க அம்மாதான் கேப்பாங்க."

வெடுக்கென்று சொல்லிவிட்டேன். இவர் முகம் செத்துப் போயிற்று. ரொம்ப நேரம் செய்தித்தாளின் ஒரே பக்கம். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சரி, பதினாலே இருக்கட்டும். மூக்கு என்னுது இல்ல, கண்ணு என்னுது இல்ல. ரத்தமாச்சும் என் குரூப்பு. அது போதும் மல்லி."

எழுந்து போய்த் துணியைத் திருப்பிப் போட்டேன்.

11 ஜூலை, செவ்வாய்

காலை கிளினிக். பல்வலி எண் ஐந்து. முட்டை 18 மி.மீ. எண் 14 என்று சொல்லியாயிற்று. நாளை மாலை ஏழு மணிக்குள் முட்டை வெடிக்க ஒரு ஊசி, இங்கேயே ஓசூர் நர்ஸிங் ஹோமில் போட்டுக்கொள்ளலாம். வெள்ளி காலை அங்கே கிளினிக்கில் விந்து ஏற்றுவார்கள். ஊசி போட்டபின் பின்வாங்க முடியாது, முட்டை யாருக்காகவும் காத்திருக்காது. இந்த மாதம் தவறினால் டாக்டரம்மா வெளிநாடு, மூன்று மாதம் கழித்துத்தான்.

சாயங்காலம் கோவிந்தன் வந்தார். இவரோடு ஒரே நாளில் கம்பெனியில் சேர்ந்தவர், ஊத்தங்கரைக்காரர். கை நிறைய மாம்பழம்.

"அண்ணி, அடுத்த வாரம் கம்பெனில ரத்த தானம். லிஸ்ட் ஒட்டிக்கிறாங்க. எங்க பேட்ச்சு பதினோரு பேரும் ஏ பாசிட்டிவ்! ஒரே வயித்துல பொறந்த மாரி!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பழம் நறுக்கிய என் கத்தி அப்படியே நின்றது.

எட்டு வருடமாக என் கம்பெனியில் க்யூ.சி.யில், தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். பதினோரு பீஸுக்கும் ஒரே அளவு எழுதி ஒரு தாள் வந்தால் எனக்குத் தெரியும்: யாரும் அளக்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடி எழுதியிருக்கிறார்கள். அந்த லாட்டை அங்கேயே நிறுத்திவிடுவேன்.

"பதினோரு பேரும் டெஸ்ட் எடுத்தீங்களா?"

"டெஸ்ட்டா! சேர்ற அன்னிக்கு ஃபாரத்துல அந்தக் கட்டம் காலியா இருந்தா உள்ள வுட மாட்டேன்னுட்டாரு கிளார்க்கு. எனக்கு மட்டும் தெரியும், முன்னயே ஒரு ஆக்சிடெண்டுல பாத்தது. நான் எழுதனத அப்படியே பின்னால நின்னவங்க எல்லாம் எழுதிக்கினாங்க."

இவரைப் பார்த்தேன். சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. மாம்பழம் யாரும் சாப்பிடவில்லை.

12 ஜூலை, புதன்

பல்வலி எண் ஐந்து. பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேப். இவர் விரலில் ஒரு குத்து. பத்து நிமிடம்.

ஓ பாசிட்டிவ்.

"இன்னொரு தடவை பாருங்க." பார்த்தார்கள். ஓ பாசிட்டிவ்.

நானும் ஓ. அப்பா ஓ, அம்மா ஓ என்றால் பிள்ளைக்கு ஏ வரவே வராது. பிளஸ் டூ விலங்கியல், ஐந்து மார்க் கேள்வி. அந்த ஐந்து மார்க் அன்று எனக்குக் கிடைத்தது.

லேப் படிக்கட்டிலிருந்தே கிளினிக்குக்கு போன். சிஸ்டர்: "அய்யோ, கடைசி நேரத்துல ஏனும்மா இது! ஓ குரூப்புல இப்ப ஒண்ணுதான் இருக்கு. முப்பத்தொண்ணு. குட்டை, 5'4". சுருட்டை முடி. பி.காம். தெலுங்கு. வேணுமா, பேடவா, இன்னிக்கே சொல்லுங்க."

இவரிடம் சொன்னேன்.

"பதினாலே இருக்கட்டும். யாரு வந்து ரத்தத்தைப் பாக்கப் போறா?"

"வேற யாரும் வேண்டாங்க, அந்தப் பிள்ளையே பாக்கும். ஸ்கூல் கார்டுல குரூப்பு போடுறாங்க. பாடத்துலயும் இருக்கு. நான் படிச்சேன்ல?"

"அப்ப வேணாம். விட்டுரு." குரல் உடைந்துவிட்டது. "ஒண்ணே ஒண்ணுதான் என்னுதுன்னு நெனச்சேன். அதுவும் கோவிந்தனைப் பாத்து எழுதுனது."

பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஆட்டோவில் வீடு. செல்போனை அணைத்து வைத்திருக்கிறார்.

3.30. கீரை ஆய்ந்தேன்.

5.10. இல்லை.

5.50. நர்ஸிங் ஹோமிலிருந்து போன், "ஊசிக்கு வர்றீங்களா?" வருகிறேன் என்றேன். தனியாகப் போய்க் குத்திக்கொள்ளலாம். ஆனால் வெள்ளிக்கிழமை இவர் கையெழுத்து வேண்டும்.

6.15. பைக் சத்தம். பக்கத்து வீடு.

கோபமாக இருக்கிறது. ஏழு வருடம் பேச்சு வாங்கியது நான், ஊசி குத்திக்கொள்வது நான், இவருக்கு மட்டும் பைக்கை எடுத்துக்கொண்டு போக ஒரு ரோடு இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. மழையில் அந்த ஹைவேயில் எத்தனை லாரி.

6.35. வந்துவிட்டார். தலை முதல் கால் வரை ஈரம். தொரப்பள்ளி வரைக்கும் சும்மா போனாராம். வாசலிலேயே நின்றார்.

"அந்த முப்பத்தொண்ணு, குட்டைன்னு சொன்னியே, எவ்வளவு?"

"அஞ்சு நாலு."

"எங்க சித்தப்பா அஞ்சு மூணுதான். ஏறு."

6.52க்கு ஊசி. உடனே சிஸ்டருக்கு போன்: முப்பத்தொண்ணு. கீரை அப்படியே கிடக்கிறது.

14 ஜூலை, வெள்ளி

வெயில்! ஒரு வாரத்துக்குப் பிறகு.

கையெழுத்துத் தாளை இவர் ஒவ்வொரு வரியாக வாசித்தார். பிறக்கும் குழந்தைக்குச் சட்டப்படி தகப்பன் நானே என்ற வரியில் பேனா நின்றது. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். பிறகு பேனா ஓடும் சத்தம்.

உள்ளே படுத்தபின் சிஸ்டரிடம், "லேபிளைக் காட்டுங்க" என்றேன்.

"ஏன்மா, நம்பிக்கை இல்லியா?"

"என் வேலையே அதுதான் சிஸ்டர்."

காட்டினார். 31, ஓ பாசிட்டிவ், தேதி, டாக்டரம்மாவின் கையெழுத்து. சரி. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. வலி இல்லை, லேசான இழுப்பு. கால் மணி நேரம் படுக்கை. கூரையில் ஃபேன், மூன்று இறக்கையில் ஒன்று மட்டும் சுத்தமாக இருந்தது. ஏன் ஒன்றை மட்டும் துடைத்தார்கள்?

திரும்பும் பஸ்ஸில் சக்கரத்துக்கு மேல் உட்கார இவர் விடவில்லை. கண்டக்டரிடம் மல்லுக்கட்டி முன் சீட் வாங்கினார். "உஷாரில்ல சார், லேடீஸுக்கு" என்றார், உடம்பு சரியில்லை என்பதைக் கன்னடத்தில்.

இந்த மனிதரை இன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

20 ஜூலை, வியாழன்

ஒன்றும் தெரியவில்லை. மார்பு வலி மாதிரி இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. மாத்திரையால் இருக்கும். கம்பெனியில் ஒரு லாட்டைத் திருப்பி அனுப்பினேன், அளவு சரியாக இருந்ததாம். எட்டு வருடத்தில் முதல் தப்பு.

ரத்த தான முகாமுக்கு இவரும் போனார். பதினோரு பேரில் ஏ பாசிட்டிவ் மூன்றே பேர். கோவிந்தனுக்கு மட்டும் பெருமை தாங்கவில்லையாம்.

அத்தை போன். எடுக்கவில்லை.

26 ஜூலை, புதன்

மறுபடி தூறல். வெள்ளிக்கிழமை கர்ப்ப டெஸ்ட். காலண்டரைத் திருப்பி மாட்டிவிட்டேன், தேதி தெரியக்கூடாது.

இவர் முதல் ஷிப்ட் முடித்து நாலரைக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து மேஜையில் வைத்தார். புதுக் கம்பெனி கார்டு. பழைய போட்டோதான், மீசை கருப்பாக இருந்த காலத்தது. கீழே ஓ பாசிட்டிவ்.

"அதே கிளார்க்கு. மூணு தடவை எழுதிக் குடுத்தேன், லேப் தாளோட."

"ஒன்பது வருசமா அந்தக் கார்டோடதானே போனீங்க. இப்ப என்ன அவசரம்?"

குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"நாளைக்கு ஸ்கூல்ல புள்ளைக்கும் ஒரு கார்டு குடுப்பாங்கல்ல. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கும்."

வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். காலண்டரைத் திருப்பி நேராக மாட்டினேன். இன்னும் இரண்டு நாள்.