கழுவிவிட்ட கொழுப்பு

மார்ச் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாடியில் நீங்கள், கீழே நான். நடுவில் கடிதம் எதற்கு என்று தோன்றும். நேரில் பேச எனக்கு நா எழுவதில்லை.

நேற்று ஆய்வுக்கூட்டத்தில், "ரெண்டு புரதம் கை கோக்கணும்னா கொழுப்பு என்ன கல்யாணத் தரகரா மாமா?" என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

வெள்ளையணுவுக்குள் செய்தி கடத்தும் அந்த இரண்டு புரதங்களும் ஒட்டுவதில்லை என்கிறது உங்கள் கட்டுரை. அணுக்களை உடைக்க நீங்கள் பயன்படுத்திய சோப்பு வீரியமானது. அணுவின் மேல்சவ்வில் இருந்து புரதங்களை ஒட்டவைக்கும் கொழுப்பையும் அது கழுவிவிட்டதோ என்று சந்தேகம். மென்மையான சோப்பில் நான் செய்தபோது ஒட்டின. என் கை நடுக்கத்தால் பிழை நேர்ந்திருக்கலாம். ஆனால் உங்கள் முடிவை நம்பி நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். ஆகவே கட்டுரையை வெளியிடும் இதழுக்கு என் ஆட்சேபத்தை எழுதிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமா

மார்ச் 4

மாமாவுக்கு,

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? ஓய்வு பெற்றவருக்கு என் ஆய்வுக்கூடத்தில் மேசை போட்டுக் கொடுத்தவன் நான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது இதுதான். உங்கள் குழாயில் ஒட்டியது அரைகுறையாகக் கழுவிய அழுக்கு. வெள்ளிக்கிழமைக்குள் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுங்கள். உங்கள் மகள் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. அதுவும் உங்கள் உபயம்.

மார்ச் 6

மாப்பிள்ளைக்கு,

அழுக்கோ என்ற பயம் எனக்கும் இருந்தது. உங்கள் சோப்பிலேயே, உங்கள் முறைப்படியே கழுவினேன். பிரிந்தன. பிறகு சவ்வின் கொழுப்பை மட்டும் திரும்பச் சேர்த்தேன். ஒட்டிக்கொண்டன. என் கையை நம்ப வேண்டாம். நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள்.

மாமா

மார்ச் 9

செய்தேன். ஒட்டின. அதனால் என்ன? கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது; மருந்து நிறுவனத்தோடு ஒப்பந்தமும் ஆகிவிட்டது. ஆட்சேபத்தைத் திரும்பப் பெறாவிட்டால் உங்களுக்கு மேசையும் இல்லை, இந்த வீடும் இல்லை.

மார்ச் 10

மாப்பிள்ளைக்கு,

இரவெல்லாம் யோசித்தேன். என்னை நானே நம்பாதவன். உங்கள் கை சுத்தமான கை. அதிலும் ஒட்டின என்றபின் எனக்குச் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆட்சேபம் அப்படியே இருக்கும். உங்கள் கடிதத்தை யாரிடமும் காட்டமாட்டேன். ஒட்டியதை நீங்கள்தான் இதழுக்குச் சொல்ல வேண்டும்.

வீட்டுச் சாவி உறைக்குள் இருக்கிறது. மகளிடம் விடைபெறவில்லை, அழுதால் தங்கிவிடுவேன்.

கொழுப்புக் குப்பி ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியின் மேல்தட்டில் இருக்கிறது. இன்னும் ஒருமுறை செய்யப் போதும். வெளியே வைத்துவிடாதீர்கள், கெட்டுவிடும்.

மாமா