அப்பா சுழற்றிப் பார்த்த பேரிங்

மங்கலம்
14.8.2006

என் கண்ணு ஜனனிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு, கை காலோடு இருக்கிறோம். அதை முதலிலேயே எழுதிவிட்டேன், இனி நீ பதறாமல் படிக்கலாம். மெல்பர்னில் இப்போது குளிர் என்றாயே, ராத்திரி காலுக்குச் சாக்ஸ் போட்டுக்கொண்டு படு. எனக்குத்தான் வெள்ளிக்கிழமையிலிருந்து ராத்திரித் தூக்கமே இல்லை. நேற்று நீ போன் பண்ணியபோது வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன், அதற்கும் காரணம் இருக்கிறது.

உன் மாமன் மகுடேஸ்வரன் மரம் அறுக்கிற மிஷின் ஒன்று வைத்திருக்கிறான் அல்லவா, அதில் கிராங்க் பேரிங், அதுதான் எஞ்சினுக்குள் குண்டு வைத்துச் சுற்றுகிற இரும்பு வளையம், போய்விட்டது. இவன் கோயமுத்தூருக்குப் போய், டூப்ளிகேட்டில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று இரண்டு கடையில் வாங்கி வந்தான். பூட்டும்போது ஒன்று கெட்டாலும் இருக்கட்டும் என்று மூன்று மூன்றாக வேறு. பார்த்தால் ஒரே நம்பர், ஒரே மாதிரி அட்டைப்பெட்டி. சரி, மச்சான் காதில் வைத்துப் பார்த்துச் சொல்லட்டும் என்று நம் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். உங்கப்பாதான் தறி ஓட்டின காலத்திலிருந்தே பேரிங்கை விரலில் மாட்டி ஒரு சுழற்றுச் சுழற்றி, காதோரம் வைத்தே நல்லது கெட்டது சொல்கிறவர் ஆயிற்றே, சோமனூரிலிருந்துகூட ஆட்கள் கொண்டுவந்து கேட்பார்கள். அன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுழற்றிப் பார்த்தார். இது தறியாட்டம் மெதுவா ஓடறதில்லீங்க மச்சான், காட்டு வேகத்துல சுத்தி கொதிக்கற எஞ்சினு, நல்லாப் பாத்துச் சொல்லுங்க என்று மாமனும் சொன்னான். உங்கப்பா சிரித்துக்கொண்டே ஒரு பெட்டியை அவன் பக்கம் தள்ளி, இதையே போடு மாப்பிள்ளை என்றார். அவனும் அதையே பூட்டினான்.

வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு மருதம்மாள் பட்டுப்போன தென்னையை வெட்டித் தரச் சொன்னாள். கயிறு பிடிக்க உங்கப்பாவும், வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனோம், நான் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. பாதி அறுத்திருப்பான், மிஷின் கறக்கென்று இறுகி நின்றுவிட்டது. காற்றும் ஒரு அடி அடித்தது, மரம் கயிறு கட்டின பக்கம் சாயாமல் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. மாமன் கத்துகிறான், மருதம்மாள் கத்துகிறாள், நான் தொண்டை கிழியக் கத்துகிறேன். உங்கப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீதிக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருக்கிறார், தலையைக்கூடத் திருப்பவில்லை கண்ணு. எப்படி ஓடினேனோ தெரியாது, சட்டையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் மண்ணில் உருண்டோம். அவர் நின்ற இடத்தில் மரம் கிடந்தது.

கயிற்று வேலையில் கவனிக்காமல் இருந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். மாமன் நம் வாசலில் வைத்து மிஷினைப் பிரித்தான், உள்ளே பேரிங் நொறுங்கிக் குண்டெல்லாம் சிதறிக் கிடந்தது. அந்தப் பெட்டியில் மிச்சம் இருந்த புதுசை எடுத்துச் சுழற்றினான். நறநறவென்று கல் அரிசியை மென்ற மாதிரி சத்தம். பேரிங்கைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே கேட்டது. இன்னொரு கடையில் வாங்கிய பேரிங் வழுக்கிக்கொண்டு சுற்றியது. அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். உங்கப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கை கழுவிக்கொண்டிருந்தார். நான் எவர்சில்வர் தட்டை எடுத்து அவர் பின்னாலேயே தரையில் போட்டேன். கோழிகள் சிதறி ஓடின. அவர் கை கழுவிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் எதிரில் உட்காரவைத்துக் கேட்டதற்கு, கொஞ்ச நாளாவே காது அடைச்சுப் போச்சு, தறிச் சத்தந்தான், வாயப் பாத்துப் புரிஞ்சுக்கறேன், கொழந்தைகிட்ட மட்டும் சொல்லீராத என்று கண் கலங்கிவிட்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லையே என்று எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். நான் பேசும்போதெல்லாம் முகத்தையே பார்க்கிறாரே என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவள் நான், அதை எங்கே போய்ச் சொல்ல.

இப்போது நேற்றைய சமாச்சாரத்துக்கு வருகிறேன். அந்த விஷயத்துக்கு அப்பா போன மாசமே சரின்னுட்டாரும்மா, நீ அவர்கிட்டயே கேட்டுக்க என்று நீ சொன்னதும், காது கேட்காத மனுஷன் போனில் எதைக் கேட்டுச் சரி சொன்னார் என்று திகைத்துவிட்டேன். உங்கப்பா எதிரில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததால் மேலே பேசாமல் வைத்துவிட்டேன். அப்புறம் எதுக்குங்க சரின்னீங்க என்று அவரைக் கேட்டேன். போனில் உன் குரல் இருக்கிறது என்பது மட்டும் தெரியுமாம், ஒரு வார்த்தையும் பிடிபடாதாம். சாப்பிட்டியா, உடம்பைப் பாத்துக்க, சரி கண்ணு சரி என்று வாரா வாரம் அவராகவே சொல்லிவிட்டு வைத்துவிடுவாராம். கொழந்த என்ன கேட்டுச்சுன்னு தெரியாது, ஆனா அது கேட்டு நான் எதுக்கு இல்லைன்னிருக்கேன் என்கிறார். கொடுத்த வாக்கு கொடுத்ததுதானாம். இந்த மனுஷனை நான் என்ன செய்ய.

ஆகையால் கண்ணு, அந்த விஷயம் கல்யாணமோ வேறெதுவோ, எனக்கு எழுத வேண்டாம். அவர் பேருக்கே கடிதம் போடு, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுது. போன் சரியாகக் கேட்பதில்லை என்று உன் பக்கத்துக் குறையாகவே எழுதிக்கொள், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. தாராபுரத்துக்குப் பக்கத்தில் காது டாக்டர் ஒருவர் இருக்கிறாராம், மாமன் கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறான். நீ நோய் நொடியில்லாமல் நினைத்தது நடந்து நன்றாக இரு. கடிதத்தை மறக்காதே. இந்தத் தடவை அவர் சரி என்றால், நீ கேட்டது என்னவென்று தெரிந்து சொல்லட்டும்.

உன் நல்லதையே நினைக்கும் அம்மா,
சாரதாமணி