என் அட்டையில் அத்தையின் ரத்தம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான், அப்பா, உன் அத்தை மூவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அதில் ஒருத்தி விஷயத்தில் சந்தேகம் வந்துவிட்டதால் முக்கால் நலம் என்று வைத்துக்கொள். நீ நலம் என்று எழுதியதையும் நான் முழுசாக நம்பவில்லை, போட்டோவில் உதடு வெளுத்திருக்கிறது.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன், அப்பாவோடு சேர்ந்து சிரிக்காதே. கொதிக்கிற இஸ்திரி மெஷினுக்குப் பயப்படாத எனக்கு ஊசியைக் கண்டால் கால் பின்னிக்கொள்ளும். எங்கள் ஓட்டலில் நிரந்தர வேலைக்காரர்களுக்கு மட்டும் அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். என்னோடு சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிற உன் அத்தை தினக்கூலி, அவளுக்கு அந்த யோகம் கிடையாது. அதனால் ஒவ்வொரு தடவையும் என் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள்தான் போய்க் கையை நீட்டிவிட்டு வருவாள். வாய்க்குத் துணி, தலைக்குத் தொப்பி, பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. பதிலுக்கு அவள் பங்கு விரிப்புகளை நான் மடித்துவிடுவேன்.

போன வாரம் மருந்தறை நர்ஸம்மா என்னைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு கோட்டைக் காட்டினாள். என் பழைய பரிசோதனைகளையெல்லாம் அது வரிசையாகச் சேர்த்துப் பார்த்ததாம், சிவப்பணு தடவைக்குத் தடவை சிறுத்துக்கொண்டே வருகிறதாம், ரத்தசோகை இன்னும் வரவில்லை, இப்படியே விட்டால் சீக்கிரம் வந்துவிடும் என்று அது கணிக்கிறதாம். வராத நோயை அதற்கு யார் சொன்னது, கையைப் பார்க்காமலே கைரேகை சொல்கிறதா, வயசான பொம்பளைகளைக் கழிக்க சூப்பர்வைசர் கண்டுபிடித்த வழியா, இல்லை டானிக் விற்கிறவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறானா என்று நாலா பக்கமும் சந்தேகப்பட்டேன். ஈர மூட்டையை ஒற்றை ஆளாய்த் தூக்குகிற எனக்கா ரத்தமில்லை. எல்லாரையும் சந்தேகப்பட்டவள், அது யார் ரத்தம் என்று மட்டும் யோசிக்கவில்லை பார்.

நர்ஸம்மா விடாமல், படியேறினால் மூச்சு வாங்குகிறதா, ஐஸ், சாக்பீஸ் எதையாவது கடித்துத் தின்னத் தோன்றுகிறதா என்று கேட்டாள். ஐஸ் என்றதும் எனக்கு உள்ளே சில்லிட்டது. கொஞ்ச நாளாய் உன் அத்தை சொல்லாமல் கொள்ளாமல் சமையல்கட்டு ஐஸ் மெஷின் பக்கம் போய்வருகிறாள், திரும்பும்போது கன்னம் உப்பியிருக்கும், வாயில் நறநறவென்று சத்தம். நான் அவளுக்கும் அந்த வழுக்கைத் தலைச் சமையல்காரருக்கும் ஏதோ ஓடுகிறது என்று நினைத்து அவரை முறைத்துக்கொண்டே இருந்தேன். பாவம், பயந்துபோய் எனக்குச் சாப்பாடு அதிகமாக வைக்கத் தொடங்கியிருந்தார்.

மாத்திரையை வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டுக் கமுக்கமாக இருந்துவிடலாமா என்று ஒரு புத்தி போயிற்று. ஆனால் மாத்திரை மட்டும் போதாது, ரத்தம் எங்கே குறைகிறது என்று டாக்டர் சோதிக்க வேண்டுமாம். என்னைச் சோதித்து அவள் வியாதியை எப்படிக் கண்டுபிடிப்பது? அத்தையிடம் சொன்னேன், விஷயம் வெளியே வந்தால் தினக்கூலியும் போய்விடும், வாயைத் திறக்காதீர்கள் என்று கெஞ்சினாள். கொஞ்ச நேரம் கழித்து, “மாசா மாசம் ரொம்பப் போகுது அண்ணி, வருஷக்கணக்கா. யார்கிட்ட சொல்ல, நீங்க கேலி பண்ணுவீங்க” என்றாள். இஸ்திரி மெஷின் இத்தனை வருஷத்தில் என்னை அப்படிச் சுட்டதில்லை.

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நர்ஸம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நர்ஸம்மா அந்தக் கோட்டை மறுபடி திறந்து பார்த்தாள். பிறகு, “அந்தக் கோடு தப்பா சொல்லலை, நீங்கதான் தப்பான ஆளு” என்றாள். அத்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள், செவ்வாய்க்கிழமை நான் கூடப் போகிறேன். சூப்பர்வைசர் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை, அவர் சும்மா இருப்பதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

நீயும் ரத்தம் கொடுத்துப் பார். உன் சொந்தக் கையை நீட்டு, அறைத் தோழியை அனுப்பாதே, என் வயிற்றில் பிறந்தவள் என்பதால் சொல்கிறேன். ஐஸ் தின்கிறாயா என்று மறைக்காமல் எழுது. உடம்பில் தெம்பும் முகத்தில் சிரிப்புமாய் நீ நன்றாக இரு, கண்ணு.

இப்படிக்கு,
உன்னையும் முழுசாக நம்பாத அம்மா

பின்குறிப்பு: நேற்று என்னிடமே ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை நான்தானா என்று பார்க்க சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றார். ஊசி உள்ளே போனது வரை தெரியும். கண் விழித்தபோது நான் தரையில் இல்லை, சூப்பர்வைசர் மேல் இருந்தேன். அவர் கண்ணாடி உடைந்துவிட்டது. என் ரத்தம் நன்றாக இருக்கிறதாம்.