கண்டக்டர் காதும் டிரைவர் காதும்

பாய்,

இன்று காலை அடையாறில் காது சோதனைக்குப் போய்விட்டு வந்தேன். வருஷத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். சத்தம் புகாத அந்தச் சின்ன அறையில் உட்காரவைத்து, ஹெட்போனின் ரப்பரை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து மாட்டிவிட்டார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் முகம்தான் வந்தது. முதல் தடவை நான் அங்கே உட்கார்ந்தபோது, கண்ணாடிக்கு வெளியே காக்கிச் சட்டையோடு நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவன் நீ.

பதினோரு வருஷம் ஒரே வண்டியில் ஓடினோம். நீ டிரைவர், நான் கண்டக்டர். அடையாறில் கிளம்பி மயிலாப்பூர், லஸ் வழியாகத் தி.நகர். மறுபடி அதே வழியில் திரும்பி வருவோம். உன் பின்மண்டையை நான் பார்த்த அளவுக்கு உன் வீட்டுக்காரம்மாகூடப் பார்த்திருக்க மாட்டார்.

ஒரு வார விடுமுறை நாளில், மத்தியானம், வீட்டில் கரண்ட் போனது. ஃபேன் நின்றதும் காதுக்குள் ஙீ என்று ஒரு சத்தம். டியூப் லைட்டின் சோக் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். கரண்டே இல்லாத வீட்டில் சோக் எப்படிக் கத்தும் என்று உறைத்தபோதுதான் பயம் வந்தது. அன்று தொடங்கியது நிற்கவே இல்லை.

மறுநாள் உன்னிடம் சொன்னேன். டெர்மினஸில் எல்லோரும் பார்க்க, என் காதோடு உன் காதை ஒட்டவைத்துக் கேட்டாய்.

"எனக்கு ஒண்ணியும் கேக்கலியே நைனா."

சிரித்துவிட்டேன். அப்போதும் நீ வைத்தது வலது காதைத்தான் என்பது பல மாதங்கள் கழித்தே எனக்கு உறைத்தது.

பூண்டு காய்ச்சிய எண்ணெய் விட்டுப் பார்த்தேன். மயிலாப்பூரில் ஒரு டாக்டர் அழுக்கை எடுத்துவிட்டார். அந்தச் சத்தம் முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது. பிரஷர் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், ஒரு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். தூக்கம் போனது. சில்லறை இல்லை என்ற ஒரு கல்லூரிப் பெண்ணிடம் வண்டியே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். மூளையில் கட்டி என்று எனக்கு நானே முடிவு கட்டியிருந்தேன்.

"கட்டின்னு டாக்டர் சொல்லட்டும். நீ இன்னா டாக்டருக்குப் படிச்சுக்கினு வந்தியா?" என்று சொல்லி, அரை நாள் லீவு போட்டு என்னை அடையாறுக்கு இழுத்துப் போனாய்.

அங்கே சோதனை செய்த பெண் முதலில் கேட்ட கேள்வி, என்ன வேலை என்பது. அதுவரை பார்த்த யாரும் அதைக் கேட்கவில்லை. எத்தனை வருஷமாக விசில் ஊதுகிறீர்கள் என்றாள். இருபத்திரண்டு என்றேன். வரைபடத்தைக் காட்டினாள். நேராகப் போய்க்கொண்டிருந்த கோடு கடைசியில் பள்ளத்தில் விழுந்திருந்தது, வலது காதில் இன்னும் ஆழமாக.

"கீச்சு சத்தம் எல்லாம் உங்களுக்குக் குறைஞ்சிடுச்சு சார். வராத சத்தத்துக்குப் பதிலா மூளையே ஒரு சத்தத்தைப் போட்டுக்குது. டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்வார், எதுக்கும் பார்த்துடலாம். இது முழுசாப் போகும்னு சொல்ல மாட்டேன். ஆனா பழகிடும். ரொம்ப அமைதியான இடத்துல மட்டும் இருக்காதீங்க."

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இத்தனை நாள் பேய் மாதிரி துரத்தியதற்கு ஒரு காரணம் கிடைத்தது, அதுவும் என் சட்டைப்பையிலேயே இருந்த ஒரு பொருள். அன்றே மனசின் பாரம் பாதி இறங்கிவிட்டது.

ஆனால் அந்த அறையில் வேறொன்றும் நடந்தது. அவள் உன் இடப்பக்கம் நின்று, "நீங்களும் பஸ்லதானா சார்?" என்று கேட்டாள். நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மறுபடி கேட்டாள். நான் உன் கையைத் தொட்ட பிறகுதான் திரும்பினாய். உங்களுக்கும் ஒரு தடவை பார்த்துவிடலாமா என்றாள்.

"எனக்கு இன்னாம்மா, நான் நல்லாத்தான் கீறேன்" என்று முதல் ஆளாக வெளியே நடந்தாய்.

பஸ் ஸ்டாப்பில் நான் கேட்டேன். நீ ஒளிக்கவில்லை.

"ரெண்டு வருஷமா லெஃப்ட் காது சுத்தமா இல்ல நைனா. இன்ஜின் அந்தாண்டதானே கீது. நாள் பூரா அதான் சத்தம்."

"ஜனங்கள வெச்சுக்கினு ஓட்டினியே பாய்."

"கண்ணாடி கீது. உன் விசில் கேக்குது. வண்டிய உட்டா எனக்கு இன்னா தெரியும், சொல்லு."

லஸ்ஸில் முன்படியில் ஒரு அம்மா இறங்கி முடிப்பதற்குள் நீ வண்டியை எடுத்த நாளைச் சொன்னேன். நிறுத்துப்பா, நிறுத்துப்பா என்று உன் இடது பக்கத்திலிருந்து அவர் கத்தியது பின்படியிலிருந்த எனக்குக் கேட்டது. நான் விசில் ஊதி நிறுத்தினேன். அன்று அதை அவசரம் என்று நினைத்திருந்தேன். இரண்டு பஸ்களை விட்டுவிட்டோம்.

"நீ சொல்ல வேணாம். நானே சொல்றேன்" என்றாய்.

மறுநாள் காலை மேனேஜர் அறைக்குள் தனியாகப் போனாய். வெளியே வந்தபோது உன் கண் சிவந்திருந்தது. உன்னை டிப்போ உள்வேலைக்கு மாற்றினார்கள், டயர் பார்க்க. பத்து நாள் என்னோடு பேசவில்லை. அந்தப் பத்து நாளும், என் காது தந்த தொல்லையைவிட உன் மௌனம் தந்த தொல்லைதான் பெரிது. பதினோராம் நாள் விடியற்காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றாய்.

"கிளம்பு. சாந்தோம் பக்கம் கடலாண்ட நடக்கலாம். அலை சத்தத்துல உன் காதுக்குள்ள கீற விசில் கேக்குதான்னு பாப்போம்."

கேட்கவில்லை. முதல் தடவையாக ஒரு மணி நேரம் என் தலைக்குள் வெறும் கடல்தான் இருந்தது. அதற்குப் பிறகு தினமும் நடந்தோம். வீட்டில் ஃபேனையோ ரேடியோவையோ மெல்லமாக ஓடவிடப் பழகினேன். தூக்கம் வந்தது. வண்டியில் விசிலைக் குறைத்துப் பாதிக்குமேல் வாயாலேயே குரல் கொடுத்தேன். ஓய்வு பெறும்வரை யாரிடமும் மறுபடி கத்தவில்லை. அந்தச் சத்தம் இப்போதும் இருக்கிறது. இதை எழுதும்போதும் இருக்கிறது. தேடினால்தான் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்ன பிறகு நீ வேறு ஆளாகிவிட்டாய். டிப்போவில் யார் பேச வந்தாலும், "அந்தாண்ட கேக்காது, இந்தாண்ட வந்து சொல்லு" என்று வலது காதைத் தட்டிக் காட்டுவாய். மேனேஜரிடமும் அப்படித்தான். அதில் வெட்கமே இருக்காது. நானோ எவ்வளவோ காலம், கேட்காததற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் நீ போன அன்று, பாபி என்று நான் கூப்பிடும் உன் வீட்டுக்காரம்மா கூட்டத்துக்கு நடுவே என்னிடம் ஏதோ சொன்னார். மெல்லிய குரல், அழுகை வேறு. எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. வழக்கம்போலத் தலையாட்டப் போனேன். ஆட்டவில்லை.

"பாபி, அந்தக் காதுல கேக்காது. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க" என்றேன்.

அவர் சுற்றி வந்து என் இடப்பக்கம் நின்றார். முதலிலிருந்து, நிதானமாகச் சொன்னார். "உங்க மேல அவருக்குக் கோவமே இல்லண்ணே. அப்ப உங்ககூடப் பேசாம இருந்த பத்து நாளும் வீட்ல அதான் சொன்னாரு. எப்படி வந்து பேசறதுன்னு தெரியாமத்தான் இருந்தாரு."

தலையாட்டியிருந்தால் அது எனக்குத் தெரியாமலே போயிருக்கும், பாய்.